டேவிட் ஆலன் முறை: வேலைகளை மனத்திலிருந்து தாளுக்கு மாற்றுவது எப்படி?

1945-இல் பிறந்த அமெரிக்கரான டேவிட் ஆலன், பல தொழில்களை மாறி மாறிச் செய்து பார்த்தபின் ஆலோசகரானவர், கராத்தே பயின்றவர். 2001-இல் வெளிவந்த ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலில் அவர் வலியுறுத்துவது, மனம் யோசிப்பதற்கு உரியதே தவிர, செய்யவேண்டியவற்றை அடுக்கி வைக்கும் கிடங்கு அன்று என்பதாகும்.

தொடங்குவதற்கு ஒரு நோட்டும் ஒரு கூடையும் போதும். விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் முடிவெடுக்கப்படாமல் கிடக்கும் தாள்கள் அனைத்தையும் கூடையில் போடுங்கள். மனத்தில் உறுத்துபவற்றைத் தனித்தனித் தாளில் எழுதி அதிலேயே சேருங்கள். கடலூரில் எங்கள் வீட்டில் மின்கட்டண ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் சாமி அலமாரியில்தான் ஒதுங்கும், அங்கும் பாருங்கள்.

அடுத்து, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதற்கு நான் அடுத்துச் செய்யவேண்டிய செயல் எது?’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். என் நோட்டில் ‘பட்டா’ என்ற ஒற்றைச் சொல் இரண்டு மாதம் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சலிப்பு வந்ததே ஒழிய, கை நகரவில்லை. பட்டா மாற்றத்திற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அதற்குக் கிரயப் பத்திரத்தின் நகல் வேண்டும். நகலோ நெல்லிக்குப்பத்தில் அண்ணனிடம் இருந்தது. ஆகவே நான் எழுதியிருக்கவேண்டியது, ‘அண்ணனை அழைத்து நகல் கேட்க’ என்பதே.

இரண்டு நிமிடத்திற்குள் முடியும் செயலை எழுதி வைக்காமல் அப்போதே முடித்துவிடவேண்டும் என்கிறார் ஆலன். குறித்து வைத்து, பிறகு தேடி எடுப்பதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அண்ணனிடம் பேச எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறர் செய்யவேண்டியதை ‘காத்திருப்பவை’ என்ற பக்கத்தில் குறியுங்கள். நாட்காட்டியில் அந்த நாளில் கட்டாயம் நடக்கவேண்டியதை மட்டும் எழுதுங்கள். ஆசைகளையும் அதில் நிரப்பினால், இரண்டே வாரத்தில் அதன்மேல் நம்பிக்கை போய்விடும்.

பின்னால் தேவைப்படுபவற்றுக்கு 43 உறைகள் உண்டு: மாதங்களுக்கு 12, தேதிகளுக்கு 31. மாதம் பிறந்ததும் அதன் உறையைப் பிரித்துத் தாள்களைத் தேதி உறைகளில் பங்கிட்டு, தினமும் காலையில் அன்றைய உறையைத் திறக்கவேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலைப் பார்த்த ஊர் என்பதால், ‘மொட்டை மாடி மழைநீர்க் குழாயில் சருகு அள்ள’ என்ற தாள் எங்கள் வீட்டில் செப்டம்பர் உறையில் இருக்கிறது.

வாரம் ஒருமுறை கூடையைக் காலி செய்து, பட்டியல்கள் அனைத்தையும் படித்துப் பாருங்கள். நான் வெள்ளிக்கிழமை மாலையில் செய்கிறேன். ஏதேனும் ஒரு வாரம் தவறினால், பழைய பட்டியலைத் திருத்திக்கொண்டிராமல் மீண்டும் கூடையிலிருந்தே தொடங்குங்கள்.