கென்னடி கையெழுத்தா, இயந்திரம் போட்டதா?

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி கையெழுத்திட்ட கடிதம் என்று ஒன்று விலைக்கு வந்தால், உடனே பணத்தை எடுக்காதீர்கள். ஒருவரின் கையெழுத்தை அப்படியே போடும் ஆட்டோபென் இயந்திரத்தை அவர் நிறையப் பயன்படுத்தினார். செயலாளர்களும் அவருக்காகக் கையெழுத்திட்டார்கள்.

10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கை வேகமெடுக்கும் இடத்தில் கோடு மெலியும், வளைவில் தடிக்கும். இயந்திரக் கோடோ முழுக்க ஒரே தடிமன். தொடக்கத்திலும் முடிவிலும் மைப்புள்ளி நிற்கும். பிறகு, தெரிந்த ஆட்டோபென் கையெழுத்து மாதிரிகளை அதே அளவில் அச்சிட்டு, கடிதத்தோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அச்சாகப் பொருந்தினால் இயந்திரம்தான். ஒரு மாதிரி பொருந்தவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது. மாதிரிகள் பல உண்டு.

அவர் அதிபராகப் பதவியேற்ற 1961 ஜனவரி 20க்குப் பிந்தைய அசல் கையெழுத்துக்கும், முக்கிய விஷயம் பேசும் கடிதத்துக்கும் மதிப்பு கூடும். கையெழுத்தை மட்டும் வெட்டி எடுக்கவோ, லேமினேட் செய்யவோ வேண்டவே வேண்டாம்.