எடிட்டரைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல்களையும் அமைப்புக் கோப்புகளையும் திருத்தும் மென்பொருளான எடிட்டரைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் தங்கள் மேசைக் கணினியை மட்டுமே மனத்தில் வைத்து முடிவெடுக்கிறார்கள். முதல் தவறு அதுதான். நள்ளிரவில் தொலைவில் இயங்கும் சர்வர் முடங்கினால், திருத்த வேண்டிய கோப்பு அங்கே இருக்கும். பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்ணங்களும் நீட்டிப்புகளும் இங்கே இருக்கும். அங்கே கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விஐ என்ற பழைய எடிட்டர், அல்லது அதன் வழிவந்த விம். பில் ஜாய் 1976-ல் எழுதிய விஐ, ஆல்பைன் போன்ற மிகச் சிறிய லினக்ஸில்கூடச் சுருங்கிய வடிவில் உண்டு.

அதை விரும்ப வேண்டியதில்லை. ஆங்கில ஐ எழுத்தை அழுத்தினால் எழுதலாம், எஸ்கேப் அழுத்தினால் நிறுத்தலாம். பிறகு முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ என்று தட்டி என்டர் அழுத்தினால் சேமித்து வெளியேறலாம். சேமிக்க வேண்டாம் என்றால் முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி. இது தெரியாத காலத்தில் நான் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தையே மூடியிருக்கிறேன். சேமிக்காத மாற்றங்களை வைத்திருக்கும் ஸ்வாப் கோப்பு ஒன்றை விம் விட்டுச் சென்றது. மறுநாள் அதே கோப்பைத் திறந்த சக ஊழியர் எச்சரிக்கையைப் பார்த்துப் பதறினார்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டாத எடிட்டரை நம்புவது. விண்டோஸ் வரியை இரண்டு குறிகளால் முடிக்கும். லினக்ஸுக்கு ஒன்று போதும். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட்டை (ஷெல் என்ற நிரல் இயக்கும் கட்டளைக் கோப்பை) அப்படியே சர்வரில் ஏற்றி இயக்கினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்பதுபோல் பிழை வரும். அது தேடுவது ஸ்கிரிப்ட்டை அல்ல, முதல் வரியில் குறிப்பிட்ட ஷெல்லை. அந்தப் பெயரின் வாலில் மிச்சக் குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. விஎஸ் கோட் என்ற எடிட்டர் வரி முடிவின் வகையைக் கீழ்ப்பட்டையில் காட்டுகிறது. டேப் விஷயமும் இப்படித்தான்: அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் கூடாது, நிரலைக் கட்டமைக்கும் கட்டளைகள் கொண்ட மேக்ஃபைலிலோ கட்டளை வரிக்கு டேப்தான் வேண்டும்.

விஎஸ் கோட்டிலிருந்தே எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாகச் சர்வரில் வேலை செய்வது வசதிதான். ஆனால் அது தன் துணை நிரலை அங்கேயும் நிறுவுகிறது. நினைவகம் குறைந்த சர்வருக்கு அது சுமை.

சூடோ கட்டளையால் யார் நிர்வாகி அதிகாரம் பெறலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை எந்த எடிட்டரிலும் நேரடியாகத் திறக்காதீர்கள். ஒரு எழுத்துப்பிழை போதும், சூடோவே வேலை செய்யாமல் போகலாம். விசூடோ கட்டளை இலக்கணத்தைச் சரிபார்த்த பிறகே சேமிக்கும். அது விஐயைத் திறக்கும் என்று அஞ்ச வேண்டாம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் வழக்கமாக நானோ என்ற எளிய எடிட்டர்தான் திறக்கும்.

ஈமேக்ஸா, விம்மா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே கருவியில் உயிரை வைப்பவர்கள் ஆட்டம் என்ற எடிட்டரை நினைத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் கிட்ஹப் அதை மூடிவிட்டது.

இன்னொன்று. சேமிக்கும் பழக்கதோஷத்தில் டெர்மினலில் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு, திரை உறைந்ததும் சர்வர் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அங்கே அந்த விசை திரையை நிறுத்திவைக்கும்; விடுவிக்கக் கன்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்கள்.