மூட்டு வைத்த பெரிய ஸ்ட்ரீமர்: கட்டுவதிலும் வீசுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிச்சிகன், மொன்டானா ஆறுகளில் பழுப்பு டிரவுட் மீனுக்கும் விஸ்கான்சின் ஏரிகளில் மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீனுக்கும், இரண்டு தூண்டில் முட்களை மூட்டிட்டு இணைத்த ஸ்ட்ரீமர் ஃப்ளைகளைப் பலர் தாமே கட்டிக்கொள்கிறார்கள். ஃப்ளை என்பது முடியும் இறகும் முள்ளில் கட்டிய செயற்கை இரை; அதில் சிறு மீனைப் போலிருக்கும் வகையே ஸ்ட்ரீமர். டிரவுட்டுக்கு 4 முதல் 6 அங்குலம், மஸ்கிக்கு 10 அங்குலம் என்று நீளம் கூடக்கூட, கட்டுபவரின் கை முடியையும் இறகையும் அள்ளி வைக்கத் தொடங்கிவிடுகிறது. பிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் கருத்து.

மீனின் கண்ணுக்கு ஃப்ளை பெரிதாகத் தெரிந்தால் போதும். அது கனமாக இருக்க வேண்டியதில்லை. முயல் தோல் பட்டையை இரண்டு முட்களிலும் தாராளமாகச் சுற்றிய ஃப்ளை, நீரைக் குடித்த பிறகு, கனமான லைனை வீசும் 8-ஆம் எண் தூண்டில் கோலுக்கும் அடங்காது. மான் முடியை நெருக்கமாக அடுக்கினாலோ, அது காற்றைப் பிடித்துக்கொண்டு மூழ்க மறுக்கும். நியூ ஜெர்சிக் கடற்கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்காக ஃப்ளை கட்டிய பாப் பாபோவிக்ஸ், மான்வால் முடியை முள்ளின் கண்ணுக்கு முன்னால் நீட்டியவாறு கட்டி, பிறகு பின்னே தள்ளி, அதன் முன் நூலால் சிறு தடுப்பு எழுப்பும் முறையைப் பரப்பினார். முடி படிந்துவிடாமல் விரிந்து நிற்பதால் சிறு கற்றையிலேயே பருமனான உடல் கிடைக்கிறது. உள்ளே வெற்றிடம் இருப்பதால் நீரும் எளிதில் வடிந்துவிடுகிறது.

அள்ளி வைப்பதன் அடுத்த பலி மூட்டுதான். முன்முள்ளை விரல்களில் பிடித்துத் தூக்கினால் பின்பகுதி தன் எடையிலேயே மடிந்து தொங்க வேண்டும், அசைத்தால் இருபுறமும் தடையின்றி ஆட வேண்டும். விறைத்து நின்றால் மூட்டின்மேல் முடி நெருக்கியிருக்கிறது என்று பொருள். பிளேன் சாக்லெட் என்பவர் உருவாக்கிய கேம் சேஞ்சர் போலப் பல கணுக்கள் கொண்ட ஃப்ளையில், ஒரு கணுவின் இழைகள் அடுத்ததை மூடிப் பூட்டிவிடாதபடி கத்தரிப்பதே வேலையின் பாதி. மாறாக, இணைப்புக் கம்பி வளையத்தை நீளமாக விட்டாலும் தொல்லைதான்: பின்முள் மடிந்து முன்முள்ளில் சிக்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு மணிகள் கோர்க்கும் அளவே போதும். கம்பியின் முனைகளை முள்ளின் தண்டு நெடுகக் கட்டி, மடக்கித் திரும்பவும் கட்டிப் பசையிட வேண்டும். பெரிய மீன் இழுக்கும்போது, வளைவருகே மட்டும் சுற்றிய கட்டு உருவிக்கொண்டு போகும்.

தலை வாலைவிட அகன்றிருப்பது அவசியம். இழுப்பு நின்றதும் அகன்ற தலை நீரில் தடைபட, பின்பகுதி முந்திவந்து ஃப்ளையைப் பக்கவாட்டில் திருப்புகிறது. வேட்டை மீன் பெரும்பாலும் அடிப்பது அந்த நொடியில்தான். இரையின் தலைப்பக்கத்தைத் தாக்குவதும் டிரவுட்டின் வழக்கம் என்பதால், முன்முள்ளின் வாயை (முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை) முடியால் அடைத்துவிடாமல் அடிவயிற்றைத் தட்டையாக வெட்டிவிட வேண்டும்.

நீரில் இறங்கிய பிறகு நடக்கும் பிழைகளில் மிகப் பரவலானது, மூழ்கும் லைனில் (வீசும் தடித்த கயிற்றில்) 9 அடி லீடரை, அதாவது லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பை, கட்டுவது. லைன் ஆழத்தில் செல்ல, ஃப்ளை மட்டும் மேலே மிதந்துகொண்டிருக்கும். 3 முதல் 5 அடி நீளமும், டிரவுட்டுக்கு 15 முதல் 20 பவுண்டு வலுவும் உள்ள நரம்பு போதும். பைக், மஸ்கி போன்ற கூரிய பல் கொண்ட மீன்கள் உள்ள நீரில் பல்லுக்குத் தாங்கும் கம்பி முனை இல்லாமல் வீசுவது, அறுந்த ஃப்ளையை மீனின் வாயில் விட்டுவைக்கும் பொறுப்பின்மை.

மீன் அடித்ததும் கோலை உயர்த்துவது, சிறிய ஃப்ளைகளில் பழகியவர்களின் கையை விட்டு எளிதில் போகாத பழக்கம். கோல் வளைந்து விசையை விழுங்கிவிடுவதால் தடித்த முள் இறங்காது. தவறினால் ஃப்ளையும் மீனின் பார்வையை விட்டு எகிறிவிடும். கோல்முனையை நீரருகே வைத்து லைனைக் கையால் வெடுக்கென்று இழுத்தால், மீன் தவறவிட்டாலும் ஃப்ளை அதன் முன்னேயே நிற்கும். அது மறுபடி அடிக்கக்கூடும். மஸ்கியோ படகு வரை பின்தொடர்ந்து வரும் மீன். ஆகவே படகை நெருங்கியதும் ஃப்ளையைத் தூக்கிவிடாமல், கோல்முனையை நீருக்குள் விட்டு எட்டு என்ற எண் வடிவில் அகலமாகச் சுற்ற வேண்டும். வளைவுகள் குறுகலானால் அவ்வளவு நீளமான மீனால் திரும்ப முடியாது.