இரத்த அணுக்கள் சும்மா இருந்தால் மருந்து பாதுகாப்பானதா? சைட்டோகைன் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்தை மனித இரத்தத்தின் வெள்ளையணுக்களோடு கலந்துவிட்டு, சைட்டோகைன் (நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று தூண்டச் சுரக்கும் புரதம்) எதுவும் சுரக்காததைக் கண்டதும் 'ஆபத்தில்லை' என்று குறித்துக்கொள்வதுதான் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு. 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள் மருந்து ஆறு தன்னார்வலர்களுக்கு ஏற்றப்பட்டது. குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், காய்ச்சல் என்று தொடங்கி, ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கும் நிலை வந்தது. அனைவரும் உயிர் பிழைத்தனர்.

முன்கூட்டியே செய்த சோதனைகள் இதைக் காட்டவில்லை. இந்த மருந்தின் இலக்கு, டி செல் என்னும் வெள்ளையணுவின் மேலுள்ள சிடி28 என்ற ஏற்பி (சமிக்ஞையை வாங்கும் புரதம்). அதில் எதிர்ப்பொருள் போய் ஒட்டுவது மட்டும் போதாது. பல ஏற்பிகள் ஒரே இடத்தில் நெருக்கிக் கூட்டப்பட்டால்தான் செல்லுக்குள் வலுவான சமிக்ஞை எழும். உடலில் எதிர்ப்பொருளின் வால்பகுதியை வேறு செல்களின் ஏற்பிகள் பிடித்துக்கொள்வதால் அந்த நெருக்கம் கிடைக்கிறது. திரவத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளுக்கு அந்தப் பிடிமானம் போதுமான அளவு கிடைப்பதில்லை. அதே மருந்தை சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டின் அடியில் காயவைத்து ஒட்டச் செய்து, அதன் மேல் செல்களை விட்டுப் பார்த்தபோது சைட்டோகைன்கள் ஏராளமாக வெளிப்பட்டதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள்.

குரங்கை நம்பியதும் தவறாகிப்போனது: சோதித்த குரங்கினத்தின் நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருப்பவை) ஒரு முக்கிய வகை, மருந்தின் இலக்கான சிடி28-ஐ இழந்துவிடுகிறது, மனிதனிடம் அது தங்கிவிடுகிறது.

அதற்காக எல்லா மருந்தையும் காயவைத்தே சோதிப்பது என்று முடிவுகட்டுவதும் சரியன்று. அலெம்டுசுமாப் என்ற இன்னொரு எதிர்ப்பொருள் மருந்து, இயற்கைக் கொல்லி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களின் சிடி16 ஏற்பி வழியாகவே சைட்டோகைனைத் தூண்டுகிறது. அதன் வால்பகுதி செல்லுக்கு எட்டும் நிலையில் இருக்க வேண்டும்; காயவைத்து ஒட்டினால் அது எட்டாமல் போகலாம்.

எதிர்த்திசையிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. மருந்துக் கரைசலில் கலந்த மிகச் சிறிதளவு எண்டோடாக்சின்கூட (பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சு) மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களைத் தூண்டி டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைச் சுரக்கவைக்கும். பழி எதிர்ப்பொருள்மேல் விழும். வெறும் கரைசலை ஒப்பீடாக வைத்துத் திருப்தியடையும் சோம்பல் இங்கே ஆகாது. அதே வகுப்பைச் சேர்ந்த, எதனோடும் ஒட்டாத எதிர்ப்பொருளும் கூடவே இருக்க வேண்டும். டிஎன்எஃப் சில மணி நேரத்திலேயே உயர்ந்துவிடுவதாலும், இன்டர்ஃபெரான்-காமா என்ற மற்றொரு சைட்டோகைன் பெரும்பாலும் பிந்தி வருவதாலும், ஒரே நேரத்தில், ஒரே கொடையாளரின் இரத்தத்தில் எடுத்த அளவை நம்ப முடியாது.