ஒரு பழைய காட்டன் சேலைல பாப்பாவுக்கு பாடி வச்ச பாவாடை, மிச்சத்துல ஜப்லா: வீட்டுலயே தைக்கிறது எப்படி

பீரோவுல மடிச்சு வச்ச பழைய காட்டன் சேலை எல்லார் வீட்டுலயும் ஒண்ணாவது இருக்கும், கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அந்த ஒத்தச் சேலைல நாலு வயசுப் பொண்ணுக்கு ஒரு பாவாடை, கைக்குழந்தைக்கு ரெண்டு மூணு ஜப்லா எடுத்துடலாம், மிச்சம் விழுந்தா தலையணை உறைக்கும் ஆகும். கடைல வாங்குற துணிய நான் குறை சொல்லல. ஆனா ஒரு தடவை அந்த ஃப்ராக்கை உள்பக்கம் திருப்பிப் பாருங்க, இடுப்புல ஓவர்லாக் நூல் சொரசொரன்னு நிக்கும், கழுத்துல லேபிள் குத்தும், நெட் துணி வச்சிருந்தா அக்குள் செவந்து போயிரும், விசேஷ வீட்டுக்குப் போய் அரை மணி நேரத்துல புள்ள "கழட்டும்மா கழட்டும்மா"ன்னு அழுவுறது அதுக்குத்தான். நாமளே தைக்கும்போது அந்த உள்பக்கம் நம்ம கைல இருக்கு. அடுத்த வருஷத்துக்கும் சேத்து துணி விட்டு தைக்கிறதும் நம்ம கைலதான் இருக்கு.

மிஷின்ல இப்பதான் உக்கார்றீங்கன்னா நேரா பாவாடைக்குப் போகாதீங்க, மொதல்ல அப்பாவுக்கோ வீட்டுக்காரருக்கோ ஒரு கைலி மூட்டுங்க. 2 மீட்டர் கைலி, ரெண்டு தலைப்பையும் சேத்து ஒரே ஒரு நேர் தையல், கோணினாலும் யாரும் பாக்கப் போறதில்ல. ஆனா அதை ரெட்டைத் தையலாப் போட்டுப் பழகுங்க, பாவாடைக்கு அதேதான் வேணும். எப்படின்னா, துணியோட நல்ல பக்கம் வெளிய தெரியுற மாதிரி ரெண்டு ஓரத்தையும் சேத்து வச்சு ரெண்டு நூல் தள்ளி ஒரு தையல் அடிங்க (ஒரு இன்ச்சுக்கு 8 நூல், அப்ப ரெண்டு நூல்னா கால் இன்ச்), அப்புறம் பிசிறை ஒட்ட வெட்டிட்டு, துணியைத் திருப்பி அந்த ஓரம் உள்ள மாட்டிக்கிற மாதிரி மூணு நூல் தள்ளி இன்னொரு தையல். இப்ப உள்ள தடவிப் பாருங்க, ஒரு பிசிறு கூட கைல படாது. ஓவர்லாக் மிஷின் இல்லையேன்னு கவலையே வேண்டாம்.

மிஷின் பத்தி ரெண்டே விஷயம். மெல்லிசு காட்டனுக்கு 11 இல்ல 14 நம்பர் ஊசி போதும், ஊசி மாத்தும்போது தட்டையான பக்கம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பழசைக் கழட்டுறப்பவே பாத்து வச்சுக்கங்க. அடியில நூல் கொத்து கொத்தா சிக்குனா எல்லாரும் பாபினைத்தான் கழட்டிக் கழட்டி மாட்டுவாங்க, முக்கால்வாசி நேரம் தப்பு மேல் நூல்லதான் இருக்கும், டென்ஷன் தட்டுக்குள்ள நூல் சரியா உக்காந்திருக்காது. ஊசிக்குக் கீழ துணிய அமுக்குற மிஷின் பாதத்தைத் தூக்கி விட்டுட்டு மேல் நூலை மொதல்ல இருந்து கோத்துப் பாருங்க, சரியாயிரும்.

இனி சேலைக்கு வருவோம். ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு முழு நீளத்தையும் ஒரு தடவை பாருங்க. தோள்ல பின்னு குத்துன எடம் ஓட்டையா இருக்கும், கொசுவத்தோட அடிப்பக்கம் குதிகால்ல தேஞ்சு நைஞ்சிருக்கும், மொத சுத்துல உள்ள போற பாகம் பெரும்பாலும் நல்லா இருக்கும். சந்தேகமா இருக்கிற எடத்தை ரெண்டு கட்டை விரலாலயும் பிடிச்சு லேசா இழுங்க, சர்ருன்னு விட்டுச்சுன்னா அந்த எடம் வேண்டாம். ஃபால்ஸ் இருந்தா பிரிச்சிருங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம். சேலை அந்துருண்டை போட்டு வச்சதா இருந்தா நல்லா துவைச்சு வெயில்ல காயப் போட்டு அந்த வாசம் சுத்தமாப் போனப்புறம்தான் கத்தரியே எடுக்கணும். ஜி-6-பி-டி ங்கிற என்சைம் கம்மியா பொறக்குற குழந்தைங்களுக்கு அந்துருண்டைல இருக்கிற நாப்தலீன் பட்டா ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சு மஞ்சக்காமாலை கூடிரும், நம்ம குழந்தைக்கு அது இருக்கான்னு பாத்தவுடனே தெரியாது, அதனால ஜப்லா தைக்கப் போற துணிய அந்துருண்டை பக்கமே வைக்காதீங்க.

லைனிங்குக்கு தாத்தாவோட பழைய வேட்டி கெடைச்சா அதை விட நல்ல துணி கெடையாது. கடைல புது பாப்லின் வாங்குறீங்கன்னா ராத்திரி பூரா தண்ணில ஊற வச்சு காயப் போட்டு அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்க. பழைய சேலை எத்தனையோ தடவை துவைச்சு சுருங்குற அளவு சுருங்கி முடிச்சிருக்கும், புது லைனிங் இனிமேதான் சுருங்கும், ரெண்டையும் அப்படியே சேத்து தச்சா மொதல் துவைப்புலயே உள்துணி இழுத்து மார்புகிட்ட சுருங்கிப் போயிரும்.

இப்ப அளவு. சின்னப் பிள்ளைக்கு இடுப்பு நிக்காது, நாடா வச்ச பாவாடை ஒண்ணு நழுவும் இல்ல கயிறு இறுக்கி இடுப்புல தடம் விழுந்துரும், அதனாலதான் மேல கையில்லாத பாடி வச்சு தைக்கிறோம், வெயிட்டு பூரா தோள் தாங்கிக்கும். நாலு வயசுக்கு சுமாரா மார்பு 22 இன்ச், தோள்ல இருந்து இடுப்பு 9, இடுப்புல இருந்து கணுக்கால் 22 வரும், ஆனா உங்க பிள்ளைய நிக்க வச்சு டேப்ல அளந்துக்கங்க, ஒரே வயசுல ரெண்டு பிள்ளைங்க ஒரே உயரம் இருக்க மாட்டாங்க. நீளம் கணுக்கால் எலும்போட நிக்கட்டும், தரைல பொரண்டா ஓடும்போது தடுக்கி விழுவாங்க, விளக்கு பக்கம் போனாலும் ஆபத்து.

பாவாடைக்கு சேலையோட பார்டர் அடியில வர்ற மாதிரி 2 மீட்டர் நீளம் எடுத்துக்கங்க. உயரம் எவ்ளோ வெட்டணும்னா 22 இன்ச், டக்குக்கு (பிள்ளை வளர்ந்ததும் பிரிச்சு விடுறதுக்காக உள்பக்கம் மடிச்சு தைக்கிற மடிப்பு) 4 இன்ச், மேல தையலுக்கு அரை இன்ச், மொத்தம் 26.5. அடியில பார்டர் ஓரமே இருக்கிறதால மடிச்சு தைக்க வேண்டியதில்ல. சேலை அகலம் 46 இன்ச் பக்கம் இருக்கும், மேல மிஞ்சுற 19 இன்ச் பட்டைல பாடி வெட்டிக்கலாம்.

பாடிக்கு முன்பக்கம் மடிப்புல வெட்டணும். மார்பு 22 கூட லூஸுக்கு 3 சேத்தா 25, அதுல நாலுல ஒரு பாகம் ஆறேகால், தையலுக்கு அரை, ஆக ஆறே முக்கால் அகலம். உயரம் 10. தோள் பாதி நாலரை, கழுத்து அகலம் 2, முன்கழுத்து இறக்கம் ரெண்டேகால், பின்கழுத்து ஒண்ணேகால், கைகுழி அஞ்சரை. பின்பக்கம் ரெண்டு துண்டு, நடுவுல பட்டன் ஒண்ணு மேல ஒண்ணு வர்றதுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு இன்ச் கூட விடுங்க. இதே மாதிரி வேட்டித் துணிலயும் ஒரு செட் வெட்டுங்க. சாக்கால வரையப் பயமா இருந்தா நல்லா பொருந்துற பழைய ஃப்ராக்கை மடிச்சு மேல வச்சு சுத்தி அரை இன்ச் விட்டு வரைஞ்சுக்கலாம்.

கழுத்துல மட்டும் வேற மாதிரி யோசிக்கணும். மத்த எடத்துல தையலுக்கு விட்டது உள்ள போனா துணி சின்னதாகும், கழுத்துல தையல் போட்டா ஓட்டை பெருசாகும், சுத்தி ரெண்டு நூல் போயிரும். என் பெரிய பொண்ணுக்கு மொத மொத தச்ச பாடில எனக்கு இது தெரியல, 3 இன்ச் வெட்டி தச்சு முடிச்சப்ப தோள் ரெண்டு பக்கமும் நழுவுச்சு, பொங்கலுக்கு மொத நாள் ராத்திரி வேற, கடைசில தோள்ல மடிச்சு கைத்தையல் போட்டு சமாளிச்சேன். கழுத்தை எப்பவும் சின்னதா வெட்டுங்க, பத்தலைன்னா அப்புறம் வெட்டிக்கலாம்.

தைக்கிறப்ப பாவாடைல ஆரம்பிங்க, மூட்டுறதுக்கு முன்னாடி துணி விரிச்சு கெடக்கும்போதே டக்கு புடிச்சிரணும். பார்டருக்கு ஒட்டி மேல, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ள சேர்ற மாதிரி துணிய குறுக்க மடிச்சு, மடிப்புல இருந்து 1 இன்ச் தள்ளி நீளத் தையல் அடிங்க, தையல் அளவை 4ல வச்சுக்கங்க, பின்னாடி பிரிக்கணும்ல, பொடித் தையல் அடிச்சா பிரிக்கும்போது துணி கிழியும். இது ஒண்ணு 2 இன்ச் துணிய உள்ள வச்சுக்கும். இதுக்கு 3 இன்ச் மேல இன்னொண்ணு. அயர்ன் பண்ணும்போது மடிப்பு கீழ பாத்து படியணும், மேல பாத்து இருந்தா பாவாடைக்குள்ள கால விடுறப்ப பிள்ளையோட கால் விரல் அதுல போய் மாட்டும், தையல் பட்டுனு விட்டுரும். பட்டுப் பாவாடைன்னா எங்க டக்கு வைக்கிறோம்னு நல்லா யோசிச்சு வைங்க, காட்டன்ல ஊசி ஓட்டை துவைக்கத் துவைக்க மூடிக்கும், பட்டுல போகாது.

அப்புறம் 2 மீட்டரோட ரெண்டு ஓரத்தையும் ரெட்டைத் தையல்ல மூட்டுங்க, மேல 3 இன்ச் மட்டும் விட்டுருங்க, அது பின்பக்கத் திறப்புக்கு, அந்த ஓரத்தை மட்டும் பொடியா மடிச்சு அடிச்சிருங்க. மேல் விளிம்புல சுருக்கு புடிக்க தையல் அளவை இருக்கிறதுலயே பெருசா வச்சு ரெண்டு வரி ஓட்டுங்க, ஒண்ணு ரெண்டு நூல் தள்ளி, இன்னொண்ணு நாலு நூல் தள்ளி. ஒரு வரிதான ஓட்டுவோம்னு நெனச்சா இழுக்கும்போது நூல் அறுந்து மொத்தத்தையும் மறுபடி பண்ணணும், சுருக்கும் ஒரே சீரா உக்காராது. பாவாடையையும் பாடியையும் நாலா பிரிச்சு சாக்கால குறி வச்சுட்டு, அடி நூல்கள் ரெண்டையும் சேத்து மெதுவா இழுத்து குறிக்கு குறி சேத்து பின்னு குத்திக்கங்க.

பாடிக்கு மேல் துணில ரெண்டு தோளையும் மூட்டுங்க, லைனிங்லயும் அதே மாதிரி. நல்ல பக்கங்கள் உள்ள பாத்த மாதிரி ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பின் திறப்பு, கழுத்து, ரெண்டு கைகுழி எல்லாத்தையும் ரெண்டு நூல் தள்ளி அடிங்க, பக்கவாட்டையும் அடியையும் அடிக்கக் கூடாது. வளைவுல தையலைத் தொடாம கத்தரியால சின்னச் சின்னதா வெட்டு குடுங்க, இல்லன்னா திருப்பினப்புறம் கழுத்து விரைச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் பின்பக்கத் துண்டை ஒவ்வொண்ணா தோள் வழியா உள்ள விட்டு முன்பக்கமா இழுத்துத் திருப்புங்க, பாக்கிறப்ப இது எப்படி வரும்னு தோணும், இழுத்தா வந்துரும். அடுத்து பக்கவாட்டுல மேல் துணியோட மேல் துணி, லைனிங்கோட லைனிங் சேத்து ஒரே ஓட்டா மூட்டுங்க.

இப்ப பாவாடையை மேல் துணியோட மட்டும் சேத்து அடிங்க, ரெண்டு சுருக்கு வரிக்கு நடுவுல, மூணு நூல்ல. லைனிங்கை அடியில மடிச்சு அந்தத் தையலை மூடுற மாதிரி வச்சு கைல ஹெம்மிங் பண்ணுங்க. இந்தக் கைவேலைக்கு அரை மணி நேரம் ஆகும், சோம்பல்பட்டு மிஷின்லயே அடிச்சிராதீங்க, சுருக்கோட கனம் பூரா இந்த எடத்துலதான் இருக்கு, பிள்ளைக்குக் குத்துறதும் இங்கதான். ஹெம்மிங் முடிஞ்சதும் உள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க, வேட்டித் துணி மட்டும்தான் தட்டுப்படணும். பின்னாடி நாலு பிரஸ் பட்டன் அழுத்தமா தச்சிருங்க. காஜா வச்சு பட்டன் போடணும்னா பக்கத்து டெய்லர் கடைல காஜா மட்டும் போட்டு வாங்கிக்கலாம்.

ஜப்லா இதுக்குப் பாதி வேலை கூட இல்ல. சேலைல இருக்கிறதுலயே ரொம்ப மெத்துனு இருக்கிற எடமா எடுங்க. எங்க வீட்டுல பொறந்த குழந்தைக்கு மொதல்ல பழைய துணிதான் போடுவாங்க, அம்மாச்சி அதுல ரொம்பக் கண்டிப்பு, பச்சப் புள்ளத் தோலுக்கு அதுதான் சரின்னு சொல்லும். துணிய நாலா மடிச்சு, உயரம் 11, உடம்பு அகலம் அஞ்சரை, கை தனியா வைக்காம அதோடயே ஏழரை வரைக்கும் நீட்டி வெட்டிருங்க. கழுத்து அகலம் ஒண்ணரை, முன்பக்கம் இறக்கம் ஒண்ணரை, பின்னாடி முக்கால் போதும். முன்பக்கம் நடுவுல திறந்து வெட்டுங்க, படுக்கப் போட்டபடியே மாட்டலாம். எல்லா மடிப்பும் தையலும் வெளிப்பக்கமா வரட்டும், பாக்க கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தாலும் பரவால்ல, உள்ள வழவழன்னு இருக்கணும். பட்டன், கொக்கி, பின்னு எதுவும் வேண்டாம். அதே துணில 5 இன்ச் நாடா ரெண்டு ஜோடி நெஞ்சுக்கு நேரா வச்சு ரெண்டு தடவை அடிங்க, கழுத்துல மட்டும் நாடா வைக்கவே கூடாது, நீளமாவும் விடாதீங்க.

துணி எடுக்கிறப்ப சந்தேகம் வந்தா ஒரு நூலை உருவி கொளுத்திப் பாருங்க, காட்டன்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர்னா உருகி கெட்டியா உருண்டையா நிக்கும். தீபாவளிக்கு தைக்கிறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க, பொறி பட்டா உருகுற துணி தோல்லயே ஒட்டிக்கும். திருப்பூர் பக்கம் கிலோ கணக்குல கெடைக்கிற பனியன் துணி ஆசையாத்தான் இருக்கும், ஆனா அது இழுபடும், ஊசியும் வேற வேணும், கை நல்லா பழகினப்புறம் அதுக்கு வாங்க.

டக்கு எப்ப பிரிக்கணும்னா பாவாடை கணுக்காலுக்கு மேல ரெண்டு இன்ச் ஏறினா கீழ் டக்கைப் பிரிங்க. நாலு தையலுக்கு ஒரு தடவை நூலை பிளேடால அறுத்துட்டு மறுபக்கம் இழுத்தா அப்படியே வந்துரும். என் சின்னப் பொண்ணோட நீலப் பாவாடை மூணு பொங்கல் பாத்துருச்சு, போன தை மாசம் ரெண்டாவது டக்கைப் பிரிச்சப்ப உள்ள இருந்த துணி எங்கம்மா அந்தச் சேலைய கட்டுன காலத்து கலர்லயே இருந்துச்சு, சுத்தி பட்டையா ஒரு கருநீலம். அதை மறைக்க லேஸ் வைக்கவான்னு கேட்டேன், அவ வேண்டாம்னுட்டா, "இது ஆச்சி கலரு, இருக்கட்டும்"னு சொல்லி அப்படியே போட்டுக்கிட்டு கோலம் போட ஓடிட்டா.