புருவ அசைவால் கைப்பேசியை இயக்கலாம்

தண்டுவடக் காயத்தாலோ தசைச்சிதைவு நோயாலோ கைவிரல்களை அசைக்க இயலாதவர்கள், முகத்தைச் சற்று அசைக்க முடிந்தாலே, பிறர் துணையின்றிக் கைப்பேசியில் பேசவும் செய்தி அனுப்பவும் இயலும். 2021இல் வெளியான ஆண்ட்ராய்டு 12 முதல், ஸ்விட்ச் அக்சஸ் என்னும் வசதியில் முன்பக்கக் கேமராவையே பொத்தானாகப் பயன்படுத்தும் வழி இருக்கிறது. புன்னகைத்தல், வாயைத் திறத்தல், புருவத்தை உயர்த்துதல், இடம், வலம் அல்லது மேல்நோக்கிப் பார்த்தல் ஆகிய அசைவுகளில் எளிதானவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றை 'அடுத்தது' (திரையிலுள்ள அடுத்த பொத்தானுக்கு நகர்தல்) என்றும் மற்றொன்றைத் 'தேர்ந்தெடு' (அந்தப் பொத்தானை அழுத்துதல்) என்றும் அமைக்கலாம்.

கைப்பேசியின் அமைப்புகளில் (Settings) அணுகல்தன்மை (Accessibility) என்னும் பகுதியில் இது இருக்கும். இல்லையெனில் பிளே ஸ்டோரில் தேடி நிறுவிக்கொள்ளலாம். முதன்முறை அமைப்பதற்கு மட்டும் வீட்டிலுள்ளவர் ஒருவர் உதவ வேண்டியிருக்கும்.

பலரும் கவனியாது விடுவது அசைவின் அளவையும், அது நீடிக்க வேண்டிய நேரத்தையும் மாற்றும் அமைப்புகளைத்தான். புன்னகையைத் தெரிவு செய்தால், அருகிலிருப்பவருடன் சிரித்துப் பேசும்போதெல்லாம் திரை தானே நகர்ந்து அலுப்பூட்டும்; ஆகவே அன்றாட உரையாடலில் அரிதாக வரும் அசைவே நல்லது என்பது என் கருத்து. முகத்தின் மீது வெளிச்சம் விழுமாறு, கைப்பேசியைக் கண்மட்டத்தில் ஒரு தாங்கியில் உறுதியாகப் பொருத்துங்கள்.

முக அசைவும் கடினமெனில், தலையாலோ முழங்கையாலோ அழுத்தும் புளூடூத் பொத்தானையும் இதே வசதியுடன் இணைக்கலாம்.