வாட்சிமில் முதல் பயணம்: மைக்கை அழுத்தும் முன் எழுதி வைக்க வேண்டியவை

சிமுலேட்டரில் ஏ320-ஐ மேலே தூக்கத் தெரியும், ரன்வேக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் சிக்னலைப் பிடித்து இறக்கவும் தெரியும். ஆனால் வாட்சிம் போன்ற ஆன்லைன் வலையமைப்பில் நிஜமான ஆள் ஒருவர் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலராக உட்கார்ந்திருக்கிறார் என்றதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. விமானம் ஓட்டுவதைப் பற்றி இதில் அதிகம் வராது. ரேடியோவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கன்ட்ரோலர் சொல்லப் போவதில் முக்கால்வாசியை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிட முடியும். இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் பழக்கம்தான்.

எங்கே சேர்வது

இப்படிப்பட்ட வலையமைப்புகளில் இலவசமாக இருப்பவற்றில் பெரியவை இரண்டு: 1998-இல் தொடங்கிய ஐ.வி.ஏ.ஓ., 2001-இல் தொடங்கிய வாட்சிம். இரண்டிலும் கன்ட்ரோலர்கள் தன்னார்வலர்கள். ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி வந்தவர்கள். பைலட்எட்ஜ் என்று சந்தா கட்டிச் சேரும் ஒன்றும் உண்டு. அங்கே அறிவித்த நேரத்தில் கட்டாயம் ஆள் இருப்பார், ஆனால் அமெரிக்காவின் சில பகுதிகளுக்கு மட்டும்தான். நான் வாட்சிமை வைத்தே விளக்குகிறேன். அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

வாட்சிமில் சேர 13 வயது ஆகியிருக்க வேண்டும். தளத்தில் பதிவு செய்தால் உறுப்பினர் எண் கிடைக்கும். புதியவர்களுக்கான அறிமுகப் பாடத்தைப் படித்து, ஒரு சிறு தேர்வில் தேறினால்தான் இணைய விடுவார்கள். பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாதீர்கள். அதில் இருப்பதெல்லாம் முதல் நாளே தேவைப்படும் விஷயங்கள்.

மென்பொருள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருந்தால் வி-பைலட், எக்ஸ்-பிளேன் வைத்திருந்தால் எக்ஸ்-பைலட். இரண்டும் இலவசம். நிறுவியதும் மூன்றைச் சரிபாருங்கள்.

ஒன்று, பேசும் பட்டன். அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் உங்கள் குரல் போகும். சிமுலேட்டரில் வேறு எந்த வேலைக்கும் பயன்படாத பட்டனாக அது இருக்கட்டும். இல்லையென்றால் நீங்கள் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஃபிளாப் இறங்கும்.

இரண்டு, ஹெட்செட். ஸ்பீக்கரில் கேட்டால் கன்ட்ரோலரின் குரல் உங்கள் மைக் வழியாகவே மறுபடி ரேடியோவில் போய் எல்லோரையும் படுத்தும்.

மூன்று, மற்ற விமானங்களின் மாடல்கள். இவை சரியாக அமையாவிட்டால் பக்கத்தில் நிற்கும் போயிங் 777 உங்கள் திரையில் செஸ்னாவாகத் தெரியலாம்.

விமானத்தின் காம்1 ரேடியோவில் எந்த அலைவரிசை வைத்திருக்கிறீர்களோ, அதில்தான் இணைவீர்கள். தனியாக எந்தப் பெட்டியிலும் எண் அடிக்க வேண்டாம்.

முதலில் காது, அப்புறம் வாய்

முதல் நாள் பறக்காதீர்கள். கன்ட்ரோலர் இருக்கும் விமான நிலையமாகப் பார்த்து, ஒரு கேட்டில் விமானத்தை நிறுத்தி, இணைந்து, தரையில் விமானங்களை நகர்த்தும் கிரவுண்ட் கன்ட்ரோலரின் அலைவரிசையை வைத்துக்கொண்டு சும்மா கேளுங்கள். அரை மணி நேரத்தில் ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவது புரிந்துவிடும். அப்புறம் ரன்வேயைக் கவனிக்கும் டவருக்கு மாற்றிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இணையும்போது விமானம் கேட்டில்தான் நிற்க வேண்டும். சிமுலேட்டர் சில சமயம் நேராக ரன்வேயில் கொண்டுபோய் வைக்கும். இன்னொருவர் ஐந்து மைல் தூரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அங்கே திடீரென்று முளைத்தால், அவர் சுற்றிப் போக வேண்டியதுதான்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வாட்சிம் ரேடார், சிம்அவேர் போன்ற வரைபடத் தளங்களில் பார்க்கலாம். டெலிவரி (பயண அனுமதி கொடுப்பவர்), கிரவுண்ட், டவர், அப்ரோச் (விமான நிலையத்தைச் சுற்றிய வானம்), சென்டர் (நடுவழி வானம்) என்று பதவிகள் மேலே ஏறிக்கொண்டே போகும். இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. டவரில் ஆள் இல்லை, அப்ரோச்சில் மட்டும் ஒருவர் இருக்கிறார் என்றால், கீழே இருக்கும் வேலைகளையும் அவரே பார்ப்பார். விமானத்தைக் கேட்டிலிருந்து பின்னால் தள்ளும் புஷ்பேக்குக்கு அனுமதி கேட்பதும் அவரிடம்தான். பெரும்பாலான இடங்களில் சென்டரில் இருப்பவரும் இப்படித்தான். ‘டவர் காலியாக இருக்கிறது, நாமே கிளம்பலாம்’ என்று நகர்ந்துவிடாதீர்கள்.

பயணத் திட்டம்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் தூரம் போதும். நன்றாகப் பழகிய விமானமாக இருக்கட்டும். புது விமானத்தையும் புது ரேடியோவையும் ஒரே நாளில் பழகுவது வேண்டாத வேலை. நான் கோபன்ஹேகனிலிருந்து ஓஸ்லோ என்று வைத்துக்கொள்கிறேன். சிம்பிரீஃப் தளத்தில் இரண்டு ஊரையும் கொடுத்தால் பாதை, எரிபொருள், உயரம் எல்லாம் வந்துவிடும். அங்கிருந்தே வாட்சிமுக்குத் திட்டத்தை அனுப்பலாம். வரைபடங்களுக்கு சார்ட்ஃபாக்ஸ் தளம் இலவசம்.

திட்டத்தில் குறிப்புகள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் புதிய பைலட் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கன்ட்ரோலரின் திரையில் அது தெரியும், அவர் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார். உச்சரிப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். உலகத்தின் எல்லாப் பக்கத்து ஆங்கிலமும் அந்த அலைவரிசையில் ஓடுகிறது.

கிளியரன்ஸ் (பயணத்துக்கான அனுமதி): தாளில் ஐந்து கட்டம்

முதலில் விமான நிலையத்தின் தகவல் ஒலிபரப்பான ஏடிஸ் கேளுங்கள். காற்று, ரன்வே, உயரமானியில் வைக்க வேண்டிய க்யூஎன்ஹெச் காற்றழுத்தம் எல்லாம் அதில் வரும். கடைசியில் ஓர் எழுத்து சொல்வார்கள், ‘இன்ஃபர்மேஷன் கிலோ’ என்பது போல. அந்த எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது தாளில் இதை வரிசையாக எழுதுங்கள்:

போகும் ஊர்: ஓஸ்லோ
புறப்பாட்டுப் பாதையின் பெயர்: ______
ரன்வே: ______
முதலில் ஏற வேண்டிய உயரம்: ______
ஸ்குவாக் (ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் எண்): _ _ _ _

முதல் வரி உங்களுக்கே தெரியும். ரன்வே ஏடிஸில் வந்துவிட்டது. 22 ரைட் என்று வைத்துக்கொள்வோம். புறப்பாட்டுப் பாதையை உங்கள் திட்டத்தின் முதல் புள்ளியையும் வரைபடத்தையும் பார்த்து ஊகிக்கலாம். உயரம் பெரும்பாலும் அந்த வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும். அப்படி இருந்தால் சில இடங்களில் அதை வாயால் சொல்லவே மாட்டார்கள். ஆக, உண்மையிலேயே புதிதாகக் காதில் வாங்க வேண்டியது நான்கு இலக்க ஸ்குவாக் எண் ஒன்றுதான்.

அந்த எண்ணிலும் ஒரு பிடி இருக்கிறது. ஸ்குவாக்கில் 0 முதல் 7 வரைதான் வரும். எட்டோ ஒன்பதோ காதில் விழுந்தால் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று அப்போதே தெரிந்துவிடும். இதே மாதிரி, குரல் அலைவரிசைகள் எல்லாம் 118-க்கும் 137-க்கும் நடுவில் அடங்கும். விமானம் நோக்கும் திசையைச் சொல்லும் ஹெடிங் 360-ஐத் தாண்டாது. க்யூஎன்ஹெச் ஆயிரத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நிற்கும். எந்த எண் எந்த வேலிக்குள் இருக்கும் என்று தெரிந்தால், பாதி கேட்டாலே முழுதும் பிடிபடும்.

இப்போது பட்டனை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். முதல் அசை வெட்டுப்படாமல் இருக்கத்தான் அந்த நொடி.

“கோபன்ஹேகன் டெலிவரி, ஸ்காண்டிநேவியன் ஃபோர் ஃபைவ் டூ, ஸ்டாண்ட் பிராவோ ஃபைவ், இன்ஃபர்மேஷன் கிலோ, ரிக்வெஸ்ட் கிளியரன்ஸ் டு ஓஸ்லோ.”

யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும். எந்த முதல் அழைப்பும் இந்த வரிசைதான். பதில் வரும்போது கட்டங்களை நிரப்பிக்கொண்டே போங்கள். அவர் முடித்ததும் நிரப்பியதை அப்படியே படியுங்கள், கடைசியில் உங்கள் அழைப்புப் பெயர். “ரீட்பேக் கரெக்ட்” என்று வந்தால் முடிந்தது. தப்பு இருந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்திச் சொல்வார், நீங்களும் அந்த ஒன்றை மட்டும் திருப்பிச் சொன்னால் போதும்.

புரியவில்லையா? “ஸே அகெய்ன்.” கை வேலையாக இருக்கிறதா? “ஸ்டாண்ட் பை.” செய்ய முடியாததைச் சொல்கிறாரா? “அன்ஏபிள்.” இந்த மூன்றும் தாளின் மேலே பெரிதாக இருக்கட்டும். புரியாமலே “ராஜர்” (கேட்டுக்கொண்டேன்) சொல்வதுதான் ஆபத்து; கன்ட்ரோலர் அதை நம்பி அடுத்த விமானத்தை நகர்த்திவிடுவார்.

நகர்வதும் நிற்பதும்

புஷ்பேக் கேட்பது எளிது. ரன்வே வரை தரையில் ஓட்டிப் போகும் டாக்ஸிதான் படுத்தும். டாக்ஸிவே எழுத்துகளைச் சரசரவென்று அடுக்குவார்கள், கேட்டுவிட்டு மனதில் வைத்துக்கொள்ள முடியாது. தரை வரைபடத்தைத் திறந்து வைத்து, உங்கள் கேட்டிலிருந்து ரன்வேக்கு எப்படிப் போக முடியும் என்று முன்பே விரலால் ஓட்டிப் பாருங்கள். வழி தவறினால் நின்று சொல்லிவிடுங்கள். நிற்கும் விமானத்தால் பெரிய தொல்லை இல்லை.

‘ஹோல்டு ஷார்ட்’ என்றால் ரன்வேக்கு வெளியே கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். அதைக் கட்டாயம் திருப்பிச் சொல்லியாக வேண்டும். ‘லைன் அப் அண்ட் வெயிட்’ என்றால் ரன்வேயில் ஏறி நேராக நிற்கலாம், கிளம்பக் கூடாது. கிளம்புவதற்கு ‘கிளியர்டு ஃபார் டேக்ஆஃப்’ மட்டும்தான் அனுமதி. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கோரம் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃபில் பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747-கள் ரன்வேயில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கியிருந்தது. ரேடியோவில் பேசிக்கொண்டது இரு பக்கமும் வேறு வேறாகப் புரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் மட்டுமே சொல்வது என்று வந்தது. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்பார்கள். நீங்களும் “ரெடி ஃபார் டிபார்ச்சர்” என்றே சொல்லுங்கள்.

வானத்தில்

ரன்வேயில் ஏறும் முன், ஸ்குவாக் எண்ணை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை ஸ்டாண்ட்பையிலிருந்து மாற்றிவிடுங்கள். புதியவர்களுக்கு வரும் முதல் திட்டு பெரும்பாலும் இதற்காகத்தான்.

மேலே போனதும் அடுத்த அலைவரிசைக்கு அனுப்புவார்கள். எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு மாறுங்கள். மாறியதும் உடனே பேசாமல் இரண்டு மூன்று நொடி கேளுங்கள், வேறு யாராவது பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். பிறகு அழைப்புப் பெயர், இப்போதைய உயரம், ஏறிக்கொண்டிருக்கும் உயரம். அவ்வளவுதான். நடுவழியில் அதிகம் பேச இருக்காது.

இறங்கும்போது கன்ட்ரோலர் ஹெடிங், வேகம், உயரம் மூன்றையும் ஒரே மூச்சில் கொடுக்கலாம். ஹெடிங் மூன்று இலக்கம், வேகம் நாட்ஸில், உயரம் ஆயிரங்களில். இதற்கும் மூன்று சிறு கட்டங்கள் போட்டு வையுங்கள். முதலில் திருப்பிச் சொல்லுங்கள், பிறகு குமிழைத் திருப்புங்கள். சிலர் ஆட்டோபைலட்டில் எல்லாம் வைத்து முடிக்கும்வரை வாயே திறப்பதில்லை, அந்த மௌனத்தில் கன்ட்ரோலர் மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. இறங்கியதும் ரன்வேயை முழுதாக விட்டு வெளியே வந்து, பிறகு நில்லுங்கள்.

ஆள் இல்லாத இடத்தில்

கன்ட்ரோலர் யாரும் இல்லாத வானத்தில் காம்1-இல் 122.800 வையுங்கள். அதுதான் யூனிகாம். எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் தட்டிவிடுங்கள். இது அனுமதி கேட்பதில்லை, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தகவல். பறக்கும்போது ஒரு கன்ட்ரோலர் புதிதாக வந்து உட்கார்ந்தால், தன் அலைவரிசைக்கு வரச் சொல்லித் தனிச்செய்தி அனுப்புவார். அந்தச் சத்தம் கேட்கும்படி ஒலியை வைத்திருங்கள்.

எழுந்து போகலாம், ஆனால் கவனிப்பாரின்றி 30 நிமிடத்துக்கு மேல் இணைப்பை விடக் கூடாது. கட்டுப்பாட்டு வான்பகுதியில் சொல்லாமல் சிமுலேட்டரை இடைநிறுத்தக் கூடாது. இயந்திரக் கோளாறு போல அவசர நிலை அறிவித்து விளையாடலாம். கன்ட்ரோலர் வேலை நெருக்கடியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 7500 மட்டும் வேண்டவே வேண்டாம். அது விமானக் கடத்தலுக்கான ஸ்குவாக், வாட்சிமில் தடை. யாராவது வேண்டுமென்றே தொல்லை கொடுத்தால் வாக்குவாதம் செய்யாமல், ஒரு புள்ளி வைத்து ‘வாலப்’ (.wallop) என்ற கட்டளையைத் தட்டி விஷயத்தை எழுதினால் மேற்பார்வையாளர்களுக்குப் போகும்.

நாலைந்து பயணம் ஆன பிறகு, கூட்டம் அதிகமுள்ள நிகழ்வுகளுக்குப் போங்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் ‘கிராஸ் த பாண்ட்’ ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது, அதற்கு முன்பதிவு வேண்டும். கன்ட்ரோலர் பக்கம் உட்கார ஆசை வந்தால், முதலில் பார்வையாளராகத் தொடங்கி எஸ்1 என்ற தரத்துக்குப் பயிற்சி கேட்கலாம். அதில் முதலில் கையில் கொடுப்பது டெலிவரியும் கிரவுண்டும்தான். இதே ஐந்து கட்டத்தை அங்கே நீங்கள் படித்துச் சொல்வீர்கள், இன்னொரு புதியவர் எழுதிக்கொள்வார்.